பிக்கப் இல்லாத பிக்கப்

"பிக்கப்" என்ற ஒரு சொல்லை நம் ஓட்டுநர்கள் இரண்டு பொருளில் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியும் பிக்கப். மிதித்த மாத்திரத்தில் வேகம் எடுக்கும் ஆற்றலும் பிக்கப். இரண்டாவது இல்லாத முதலாவது ஒன்று என் சித்தப்பாவிடம் இருந்தது. அதனால் விளைந்ததே இக்கட்டுரை. மன்ற மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். குற்றம் என்னவென்று அறியுமுன்பே குற்றவாளி இன்னான் என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் பட்டறையிலும் இருக்கின்றது, பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றது. அதன்மேல்தான் என் வழக்கு.

பாவூர்சத்திரம் சந்தையில் மாலையில் ஏற்றிய காய்கறி, பொழுது விடியுமுன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இறங்கியாக வேண்டும். தென்காசி, செங்கோட்டை, புளியரை. அங்கிருந்து எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல். பிறகு ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு. இதுவே சித்தப்பாவின் இராப்பாதை. 1956 நவம்பர் 1 வரையில் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அன்று முதல் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது, ஏற்றம் மாறவில்லை. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுகின்ற வண்டிக்கு ஒளிவு மறைவு கிடையாது. இருக்கின்ற நோயெல்லாம் அங்கே வெளிப்பட்டுவிடும்.

ஏன் அங்கே மட்டும் வெளிப்படுகின்றது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சுமையோடு 3,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓடுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 8 குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகம் வேண்டுமானால் 34 குதிரைத்திறன் வேண்டும். நான்கு மடங்குக்கும் மேல்! எஞ்சின் தன் ஆற்றலில் பாதியை இழந்திருந்தாலும் தென்காசிச் சமவெளியில் அது நல்ல எஞ்சின்தான். கோட்டைவாசலில்தான் அதன் குட்டு உடைபடும். "தரையில் நன்றாகத்தான் ஓடுகின்றது" என்று ஓட்டுநர் சொல்லும் வாசகத்துக்கு மதிப்பு இவ்வளவே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் சித்தப்பாவின் வண்டி மலையில் முக்கத் தொடங்கியது. வண்டிக்கு வயது பதினைந்துக்கு மேல், டர்போ வைத்த டீசல் எஞ்சின், ஐந்து கியர். மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டாம் கியர் போட வேண்டியதாயிற்று. இரண்டில் ஏறிய இடத்தில் ஒன்று. காய்கறியை இறக்கிவிட்டு நகரத்துப் பட்டறை ஒன்றுக்குச் சென்றார். சென்றவர் சொன்னது என்ன? "கியர் எடுக்க மாட்டேங்குது." நடந்தது கியர் சம்பந்தமாகத்தான் அவருக்குத் தோன்றியது, கை ஓயாமல் கியரை மாற்றியவர் அவரல்லவா! மெக்கானிக் மலையாளத்தில் கேட்டார்: "வண்டி வலிக்குன்னில்ல, அல்லே?" மலையாளத்தில் வலித்தல் என்றால் இழுத்தல். நம் சித்தப்பாவோ வண்டிக்கு வலிக்கவில்லையா என்று கேட்கின்றார் போலும் என எண்ணி, "வண்டிக்கு என்னய்யா வலி, எனக்குத்தான் வலி" என்று பதில் சொன்னாராம். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, கியர் பாக்ஸைக் கீழே இறக்கினார்கள்.

பன்னிரண்டு நாள், 38,000 ரூபாய். அந்தப் பன்னிரண்டு நாளும் சாலைக் கடைத்தெரு வாடிக்கையை விட்டுவிட முடியாமல் வாடகை வண்டியில் சரக்கு அனுப்பினார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று வைத்திருந்த பணம் அதில் போயிற்று. மிச்சம் வட்டிக்கு வாங்கியது. வண்டி வந்தது. முதல் நாள் சுமையோடு புளியரை ஏறியது. அதே முக்கல், அதே முனகல்!

பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. பிரித்த பெட்டியில் தேய்ந்த வளையங்கள் இருந்தன, மாற்றினார். பதினைந்து வயது வண்டியின் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் தேய்ந்தது ஏதேனும் இருக்கத்தான் செய்யும். தேய்ந்திருக்கின்றது என்பது வேறு. நோய்க்குக் காரணம் அதுவே என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் போனதற்கு விலை 38,000 ரூபாய்.

இங்கே என் பெருமையையும் சொல்லிவிடுகின்றேன். விடுமுறையில் ஊருக்குப் போனபோது சித்தப்பா, "ஏய்யா, நீ பௌதிகம் படிக்கியே, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் நான் தீர்ப்பு வழங்கினேன்: "கிளட்ச் சிலிப் ஆகுது, சித்தப்பா." வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை, புகையின் நிறம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. பட்டறைக்காரராவது பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் வாயை மட்டுமே திறந்தேன்.

கையால் மாற்றும் கியர் பாக்ஸ் என்பது பற்சக்கரங்களின் தொகுதி. ஒரு கியர் விழுந்து கிளட்ச் முழுவதும் பிடித்துவிட்டால், எஞ்சின் இத்தனை சுற்று சுற்றினால் பின்சக்கரம் இத்தனை சுற்று என்பது எழுதிவைத்த விதி. பல்லோடு பல் கோத்து நிற்கும்வரையில் அங்கே வழுக்குவதற்கு இடமே இல்லை. வழுக்கினால் கிளட்ச் தட்டில்தான் வழுக்க வேண்டும். ஆகவே, "பிக்கப் இல்லை" என்று வருகின்றவனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மிதிக்கும்போது எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நிற்கின்றதா? அல்லது இரைச்சலும் சேர்ந்தே ஏறாமல் நிற்கின்றதா? முன்னதானால் கிளட்சைப் பார். பின்னதானால் எஞ்சினுக்குப் பலம் இல்லை, அல்லது சக்கரத்தை ஏதோ பிடித்து நிறுத்துகின்றது. கியர் பாக்ஸ் இந்த இரண்டிலும் நேரே வருவதில்லை. பழைய வண்டிகளில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பெரும்பாலும் இருக்காது. காது போதும்; ஆனால் கவலையில் இருப்பவனின் காது அவன் கவலைப்படுவதைத்தான் கேட்கும்.

ஆகவே கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்கு நானும் வண்டியில் ஏறினேன். ஜெர்மனியின் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பௌதிக மாணவர்களுக்காகச் செய்து இலவசமாக வழங்கும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி நம்மில் பலரிடம் இருக்கின்றது. ஆய்வுக்கூடத்தில் ஊசல் ஆட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகின்றோம். ஒலியின் அதிர்வெண்ணை அது பிரித்துக் காட்டும். வேகத்தை விண்கோள்களிடமிருந்து கேட்டுச் சொல்லும். நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் வினாடிக்கு 60 வெடிப்பு. அத்தகைய தாழ்ந்த ஒலியைக் கைப்பேசியின் காது சரியாகப் பிடிப்பதில்லை. அதன் இரட்டிப்பான 120 தெளிவாகத் தெரிந்தது.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில் சமதரை. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகம். ஒலி 120-ஐ ஒட்டி நின்றது. 30-க்கு இறக்கச் சொன்னேன், ஒலி 90. பிறகு புளியரை ஏற்றம். அதே மூன்றாம் கியர். முழுவதும் மிதித்தும் வேகம் 40-லிருந்து விழத் தொடங்கியது. என் தீர்ப்பு சரியானால் வேகம் விழ விழ ஒலி 120-லேயே நிற்க வேண்டும், அல்லது மேலே ஏற வேண்டும். வேகம் 30-ஐத் தொட்டபோது ஒலி 90. சமதரையில் என்னவோ அதுவே இங்கும்! கிளட்ச் ஓர் இழையும் வழுக்கவில்லை. கியர் பாக்ஸ் குற்றமற்றது, கிளட்சும் குற்றமற்றது, பொய்யாய்ப் போனது அடியேனின் தீர்ப்பு. (இவ்வேலையை உடன் இருப்பவர்தான் செய்ய வேண்டும். ஓட்டுகின்றவர் சாலையைப் பார்க்கட்டும்.)

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இருட்டில், எங்களைத் தொடர்ந்து வந்த லாரியின் விளக்கொளியில், கன்னங்கரிய புகை திரண்டு கிடந்தது. "இது எப்பவும் வருமா?" என்றேன். "ஏத்தத்துல மட்டும் வரும். டீசல் வண்டின்னா புகைதானே, அதை யாரு பெருசா நினைச்சா?" என்றார் சித்தப்பா. ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே அவரும் சொல்லவில்லை.

கரும்புகை என்பது எரியாத கரி. டீசல் போகின்றது; அதற்கு வேண்டிய காற்று போகவில்லை. டீசலே போகாமல் வண்டி தளர்ந்தால் புகை குறையும். டீசல் ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர் போன்றவை அவ்வகை. ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்து பம்பின் நெம்புகோல் முழுவதும் திரும்பாமல் இருந்தாலும் அவ்வாறே. ஒருவர் மிதிக்க ஒருவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் இதைப் பார்க்காமலே பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டு நின்றாலும் வண்டி முக்கும். ஓடி நின்றவுடன் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனலாக அடிக்கும். எங்கள் வண்டியில் எதுவும் அடிக்கவில்லை. மிஞ்சியது காற்றின் பாதை.

மறுநாள் காலை சாலையில் சரக்கை இறக்கிவிட்டு, பேரூர்க்கடைக்கு அப்பால் சிறு பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். அறுபதைக் கடந்த மேஸ்திரி. உதவிக்கு ஒரே ஒரு பையன். இம்முறை நாங்கள் "கியர்" என்ற சொல்லையே எடுக்கவில்லை. சுமையோடு ஏறும்போது மட்டும், எல்லாக் கியரிலும், கரும்புகையோடு இழுவை குறைகின்றது; இரைச்சல் தனியே ஏறுவதில்லை என்று மட்டும் சொன்னோம். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். தூசிதான், அடைப்பு இல்லை. பிறகு டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயின் மீது விரலை ஓட்டிக்கொண்டே போனார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் விரல் நின்றது. விரல் நுனியில் எண்ணெய்ப் பசை. "இவிடெ நோக்கு, மோனே" என்றார். ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் டர்போ காற்றை அழுத்தும்போது வாயைத் திறக்கும். எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று ஆரியங்காவுக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! டர்போவின் மூலக் கருத்துக்கு ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். அன்னார் கருத்து முழுவதையும் வீணாக்குவதற்கு ஒரு விரல் நீளக் கீறல் போதுமாயிருந்தது. குழாயும் கிளிப்பும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய்.

என் கைப்பேசியின் வெற்றி என்று இதை யாரும் எண்ண வேண்டா. கருவி சொன்னது எங்கே தேட வேண்டியதில்லை என்பதை மட்டுமே. கீறலைக் கண்டது நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள விரல். ஆனால் அந்த விரல் சரியான இடத்துக்குப் போனதற்குக் காரணம், நாங்கள் தீர்ப்பைச் சொல்லாமல் கண்டதைச் சொன்னது.

அப்படியானால் கியர் பாக்ஸுக்கு நோயே வராதா? வரும். அதன் நோய்கள் வேறு மொழியில் பேசும். போட்ட கியர் தானே நியூட்ரலுக்குத் துள்ளி வருதல். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளையிடுதல். ஒரு கியருக்கு மட்டும் கரகரவென்று பல் உரசுதல். எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுத்து, எஞ்சினை நிறுத்தினால் வெண்ணெய்போல் விழுமானால், பெட்டியைத் திறக்காதே. கிளட்ச் முழுவதும் விலகவில்லை என்று பொருள். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்சை மிதித்தவுடன் நின்றால், பெட்டிக்குள் எஞ்சினை அடுத்த தண்டின் பேரிங்கை ஐயுற வேண்டும். மிதித்தவுடன் சத்தம் புதிதாய்ப் பிறந்தால் ரிலீஸ் பேரிங். கிளட்ச் வழுக்குகின்றதா என்று அறியவும் எளிய சோதனை உண்டு: ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எதிரே யாரும் நில்லாதபோது, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விடவேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கின்றது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே மிதித்துவிடு, வழுக்குகின்றது. வேடிக்கைக்காக இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல தட்டும் கருகிப்போகும். இவற்றுக்கெல்லாம் செலவு ஒரு காசும் இல்லை.

பட்டறைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது, அதை மறைத்தல் தகாது. வாசலில் ஐந்து வண்டி நிற்கும்போது ஒரு வண்டியோடு இரவில் மலையேறிப் பார்த்துவர யாரால் முடியும்? பொருளை மாற்றினால் கூலி கேட்கலாம்; யோசித்ததற்குக் கூலி கேட்டால் எவன் கொடுப்பான்? முன் சொன்ன மேஸ்திரி அரை மணி நேரத்தில் நோயைக் கண்டார் என்பதற்காகவே, "இதுக்கா இவ்வளவு?" என்று சித்தப்பா கூலியில் பேரம் பேசினார். பன்னிரண்டு நாள் பிழையாக உழைத்தவருக்கு முணுமுணுக்காமல் கொடுத்த அதே கைதான்! நோயறியும் திறமைக்கு நாம் காசு கொடுக்க மறுக்கும்வரையில், பொருள் மாற்றும் வேலையே பட்டறையில் வளரும்.

"பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கட்டுமே, புதிய வண்டியில் கணிப்பொறியே நோயைச் சொல்லிவிடுமே" என்று ஒரு நண்பர் வாதித்தார். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் குறைகாட்டும் கருவி கட்டாயமாயிற்று; பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. ஆனால் அது சொல்வது என்ன? பி 0299 என்று ஓர் எண் காட்டும். டர்போவின் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு என்பதே அதன் பொருள். டர்போவை மாற்று என்று அது சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கீறிய குழாயைத் தடவிப் பார்க்காமல் டர்போவையே மாற்றினால், கணிப்பொறிக் காலத்திலும் பழைய கதைதான். புதிய வண்டிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அந்த நண்பர் சொல்லவில்லை.

ஆகவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். சாலைக் கடைத்தெருவுக்கு நாள்தோறும் எல்லை கடந்து வரும் தமிழ் ஓட்டுநர்களுக்காக ஒரே ஒரு தாள் அச்சிடுவோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இழுவை குறைவது சுமையோடா, சுமையில்லாமலா, எந்தக் கியரில், இரைச்சல் ஏறுகின்றதா, அடங்குகின்றதா, புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா, கருகிய நாற்றம் உண்டா, எந்தச் சக்கரமாவது சுடுகின்றதா, கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகின்றதா. ஓட்டுநர் தமிழில் கோடிட்டுக் காட்டட்டும். மெக்கானிக் மலையாளத்தில் படித்துக்கொள்ளட்டும். "வலிக்கவில்லை" என்பதற்கு இரு மொழியிலும் என்ன பொருள் என்று மேலேயே போட்டுவிடலாம். முத்தமிழ் விழாவுக்கு மேடை அலங்காரம் செய்யும் செலவில் இதற்கு எத்தனையில் ஒரு பங்கு ஆகும்? தமிழ்ப் பற்றை மேடையில் முழங்குவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சாலையில் வண்டியின் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருப்பவனும் தமிழன்தான் என்பது நினைவில் இருக்கட்டும். தாளின் தமிழ்ப் பகுதியை எழுதி முடித்திருக்கின்றேன். மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். பட்டறைச் சொற்கள் தெரிந்தவரானால் இன்னும் நன்று.

சென்ற மாதம் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஏய்யா, ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. நியூட்ரல்ல நிக்கும்போது உர்ருன்னு ஒரு சத்தம். கிளட்ச மிதிச்சா நின்னு போகுது, விட்டா திரும்ப வருது. இழுவையில குறை இல்ல, புகையும் இல்ல. ஹேண்ட் பிரேக் போட்டும் பாத்துட்டேன், எஞ்சின் நின்னுட்டு." கேட்டுக்கொண்டே இருந்தேன். தீர்ப்பு என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரூர்க்கடை மேஸ்திரியிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். முன்பு பெட்டியைப் பிரித்தபோது மாற்றாமல் விட்ட பேரிங் ஒன்று தேய்ந்திருந்தது. இந்த முறை கியர் பாக்ஸையே கழற்ற வேண்டியதாயிற்று.